திரையில் தெரியும் தொகை

நமது கரிசல் பூமியில் பணம் ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கைக்கு வருவதில்லை என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். புரட்டாசியில் புழுதி விதைப்பு முடித்து, வடகிழக்குப் பருவ மழையை நம்பிக் காத்திருந்து, தையிலும் மாசியிலும் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் களத்துக்கு வந்து சேர்ந்த பின்புதான் மானாவாரி விவசாயி நான்கு காசைக் கண்ணால் காண்கிறார். புதியம்புத்தூரில் ஆயத்த ஆடை தைப்போருக்கோ தீபாவளிக்கு முந்திய மாதங்களில் இரவென்றும் பகலென்றும் பாராத வேலை. பண்டிகை கழிந்ததும் தையல் இயந்திரங்களின் ஓசை அடங்கிவிடும். தறிக்காரர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. நூல் வந்தால் வேலை, வராவிட்டால் ஓய்வு.

கையில் சிறிது பணமும், வேலையற்ற மாலைப் பொழுதும் ஒருங்கே வாய்க்கும் இத்தகைய வாரங்களில்தான் கைபேசியின் வழியாக வரும் ஓர் அழைப்பு எளிதில் உள்ளே நுழைகிறது. சும்மா இருக்கிற நேரத்தில் விளையாடிச் சம்பாதிக்கலாம், நூறு போட்டால் இருநூறு எடுக்கலாம் என்பதே அவ்வழைப்பின் சாரம். அனுப்புபவர் எப்போதும் அந்நியராக இருப்பதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையாகவோ, மைத்துனராகவோ, உடன் தைப்பவராகவோ இருப்பார். ஆள் சேர்த்துவிட்டால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள். அவர் நம்மை ஏமாற்ற நினைத்தவர் அல்லர். நமக்கு முன்னால் ஏமாறத் தொடங்கியவர்.

சூதாடுவது பாவம் என்று உபதேசிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த வேலையை வள்ளுவர் சூது என்னும் அதிகாரம் முழுவதிலும் செய்து முடித்துவிட்டார். இணையவழிப் பண விளையாட்டு என்ற பெயரில் நடைபெறும் மோசடி எந்த முறையில் இயங்குகிறது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறேன். இயந்திரத்தின் உள்ளே இருக்கும் சக்கரத்தைப் பார்த்தவருக்கு அதன் ஓசையில் மயக்கம் ஏற்படாது.

முதலில் கொல்கத்தாவில் நடந்த ஒரு வழக்கைக் கூறவேண்டும். கொல்கத்தாவுக்கும் ஒட்டப்பிடாரம் வட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர் எண்ண வேண்டாம். கைபேசியில் இறங்கும் செயலிக்கு ஊர் எல்லை கிடையாது. மேலும், அந்த வழக்கில் மோசடியின் முறை முழுவதும் ஆதியோடந்தமாக வெளிப்பட்டது.

இ-நக்கெட்ஸ் என்ற பெயரில் ஒரு கைபேசி விளையாட்டுச் செயலி இருந்தது. ஒரு வங்கியின் புகாரின் பேரில் 2021 பிப்ரவரியில் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. பிறகு மத்திய அமலாக்கத் துறை விசாரணையை மேற்கொண்டு, 2022 செப்டம்பர் 10ஆம் தேதி அந்நகரின் கார்டன் ரீச் பகுதியிலுள்ள ஒரு வீட்டைச் சோதனையிட்டது. அங்கே கைப்பற்றிய ரொக்கம் 17 கோடியே 32 லட்சம் ரூபாய். நோட்டுக்களை எண்ணுவதற்கு இயந்திரங்களைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அச்செயலி எவ்வாறு நடத்தப்பட்டது என்று அமலாக்கத் துறை தெரிவித்த விவரம் கவனத்துக்குரியது. ஆரம்பத்தில் விளையாடியவர்களுக்குக் கமிஷன் கிடைத்தது. செயலியில் அவர்கள் பெயரில் இருந்த தொகையை எவ்விதத் தடையுமின்றி எடுத்துக்கொள்ளவும் முடிந்தது. இதனால் நம்பிக்கை பிறந்தது. மேலும் கமிஷன் பெறும் ஆசையில் பெருந்தொகைகளைப் போடத் தொடங்கினார்கள். போதிய பணம் சேர்ந்ததும், ஏதோ ஒரு சாக்குச் சொல்லி, பணம் எடுப்பது திடீரென்று நிறுத்தப்பட்டது. அதன் பின் விளையாடியவர்களின் பெயர், விவரம் உட்பட எல்லாத் தகவல்களும் செயலியின் கணினியிலிருந்து அடியோடு அழிக்கப்பட்டன. பணம் போட்டவர்கள் தாம் பணம் போட்டதற்கு அந்தச் செயலியில் அடையாளம்கூட இல்லாமல் நின்றார்கள்.

இதில் மோசடி எந்த இடத்தில் தொடங்கியது என்று அங்கத்தினர்களைக் கேட்டால், பணம் எடுப்பதை நிறுத்திய நாளில் என்று பெரும்பாலோர் விடை கூறுவர். என் அபிப்பிராயம் வேறு. பணம் ஒழுங்காகத் திரும்பி வந்த முதல் நாளிலேயே அது தொடங்கிவிட்டது. அந்த முதல் ஐந்நூறு ரூபாய் லாபமன்று; அது தூண்டிலில் கோத்த புழு. புழுவுக்காகச் செலவிட்ட பணத்தைத் தூண்டில்காரன் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. வள்ளுவரும் சூதில் தோற்பதைக் காட்டிலும் வெல்வதையே முதலாவதாக எச்சரிக்கிறார் என்பது இங்கு நினைக்கத் தக்கது.

இம்முறை நமக்குப் புதிதுமன்று. கோயில் கொடைகளிலும் சந்தைகளிலும் கோணிச் சாக்கை விரித்து மூன்று சீட்டு வைப்பவனைப் பழைய தலைமுறையினர் பார்த்திருப்பார்கள். கூட்டத்திலிருந்து முதலில் வந்து பத்து ரூபாய் கட்டி ஜெயிப்பவன் அவனுடைய சொந்த ஆள். இன்றைய வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ‘இன்று எனக்கு எட்டாயிரம் வந்தது’ என்று பணம் வந்த படத்தைப் போடுபவர்களில் எத்தனை பேர் அத்தகைய கையாட்கள் என்று யார் சொல்ல முடியும்? அந்தப் படத்தை உருவாக்குவதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

விவசாயப் பெருமக்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். கொங்கு நாட்டில் ஈமுக் கோழி வளர்த்தால் மாதந்தோறும் பணம் தருவதாகக் கூறி வைப்புத் தொகை வசூலித்தார்கள். சில காலம் பணமும் தந்தார்கள். 2012 ஆகஸ்டில் பெருந்துறையில் எல்லாம் சரிந்து, தீனிகூட இல்லாமல் கோழிகள் பட்டினி கிடந்தன. அப்போதும் முதல் சில மாதங்களின் ஒழுங்கான பட்டுவாடாவே அடுத்த ஆயிரம் பேரை இழுத்து வந்தது. அங்கேயாவது கண் முன்னால் ஒரு கோழி நின்றது. கைபேசியில் அதுவும் இல்லை.

இனி, இக்காலத்தில் மிகுதியாகப் பரவியிருக்கும் நிறம் சொல்லும் ஆட்டத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சிவப்பா, பச்சையா என்று ஒரு நிமிஷத்துக்குள் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் கட்டிய தொகை இரட்டிப்பாகத் திரும்பும், தவறினால் போயிற்று. இதற்கு மூளையும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். ஆகவேதான் பள்ளிக்கூடம் போகாதவரையும் அது பிடித்துக்கொள்கிறது.

இந்த ஆட்டத்தில் ஆள் சேர்ப்பவர்கள் ஒரு தந்திரம் கற்றுக் கொடுப்பதுண்டு. தோற்றால் அடுத்த முறை இரட்டித்துக் கட்டு; என்றைக்காவது ஒரு முறை ஜெயித்தே தீரவேண்டும்; ஜெயித்தால் முன் விட்டதெல்லாம் திரும்பி, மேலே நூறு ரூபாய் லாபம் என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலில் 100 ரூபாய், பிறகு 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போன தொகை 12,700 ரூபாய். எட்டாம் முறை கட்டுவதற்கு இன்னும் 12,800 ரூபாய் வேண்டும். நம்மிடையே எத்தனை பேருக்கு அது இருக்கும்?

ஏழு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று வாதிப்பார்கள். ஆட்டம் நேர்மையாகவே நடக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஏழு ஆட்டங்கள் வரிசையாகத் தவறுவதற்கு 128இல் ஒரு வாய்ப்பு உண்டு. தொடர்ந்து ஆடிக்கொண்டே இருப்பவருக்குச் சராசரியாக 254 ஆட்டங்களுக்குள் இது நேர்ந்துவிடும். நிமிஷத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் நாலேகால் மணி நேரம். அதாவது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தவருக்கு நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில். அதற்குள் நூறு நூறாகச் சேர்த்த லாபமெல்லாம் அந்த ஒரே வரிசையில் போய்விடும். இதற்கு மேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சிறு கட்டணம் ஒன்றைப் பிடித்தால், அது தனி நஷ்டம்.

இவையெல்லாம் ஆட்டம் நேர்மையாக நடந்தால் என்று பேசியவை. நேர்மையாக நடக்க வேண்டிய அவசியம்தான் என்ன? சிவப்பில் எவ்வளவு பணம் கட்டியிருக்கிறார்கள், பச்சையில் எவ்வளவு என்பது ஆட்டத்தை நடத்துபவனின் கணினிக்கு முன்கூட்டியே தெரியும். குறைவாகக் கட்டிய நிறத்தையே ஜெயித்த நிறமாக அறிவிக்க அவனால் முடியும். அவ்வாறு செய்கிறானா இல்லையா என்று பரிசோதிக்க நம்மிடம் எந்த வழியும் இல்லை.

இந்த இடத்தில் கூட்டுறவாளர்களாகிய நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். முன்னாளில் பருத்திக்காரர் பொதியைக் கொண்டுபோய் இறக்கிய இடத்தில் தராசும் வியாபாரியுடையது, படிக்கல்லும் அவருடையது, கணக்கு எழுதியவரும் அவருடைய குமாஸ்தா. அந்த அநியாயம் பொறுக்காமல்தான் 1933இல் சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் பிறந்தன. அதற்கு முன்பே, 1904இல், திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் ஏற்பட்டதும் லேவாதேவிக்காரனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து குடியானவரை விடுவிக்கவே. எடையை எல்லோரும் பார்க்கவேண்டும், பேரேட்டைக் கேட்டால் காட்டவேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை நடக்கவேண்டும், பொதுக்குழுவில் கேள்வி கேட்க உரிமை வேண்டும் என்பதற்காக நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமன்று. இவ்வளவையும் ஒரு தலைமுறை போராடிப் பெற்றுத் தந்திருக்க, தராசும் படிக்கல்லும் பேரேடும் முழுவதுமாக எதிராளியின் கையில் இருக்கும் ஓர் இடத்தில் போய் நாமாகவே பணத்தைப் போடுகிறோம்.

‘உமது இருப்பு ரூபாய் 48,000’ என்று திரையில் ஓர் எண் தெரிகிறது. அந்த எண்ணை எழுதியவன் அவன். நாளைக்கு அழிப்பவனும் அவனே. நமது வங்கிப் புத்தகத்திலோ சங்கப் புத்தகத்திலோ வரவாகாத எந்த எண்ணும் பணமன்று.

அந்த எண்ணைப் பணமாக்கச் சென்றவருக்கு நேர்வது என்ன? மோசடியின் இரண்டாம் கட்டம் இங்கேதான். நாற்பத்தெட்டாயிரத்தையும் எடுக்கவேண்டுமானால் முதலில் வரியாகப் பன்னிரண்டாயிரம் கட்டும் என்பார்கள். கட்டினால், கணக்கைச் சரிபார்க்க ஐயாயிரம் என்பார்கள். அதையும் கட்டினால், தவறான கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டீர், அபராதம் செலுத்தும் என்பார்கள். பாதிக் கிணறு தாண்டியவரைப் போல, முன் போட்டது வீணாகிவிடுமே என்று மனிதர் மேலும் மேலும் கட்டுவார். ஆட்டத்தில் விட்டதைக் காட்டிலும் இவ்வாறு வாயிற்படியில் விட்ட பணம் அதிகமாகிப் போவதுண்டு.

இதை முறியடிக்க ஒரே ஒரு செய்தி தெரிந்தால் போதும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, இணைய விளையாட்டில் வென்ற நிகரத் தொகையில் 30 விழுக்காட்டை, பணத்தைக் கொடுக்கும் நிறுவனமே பிடித்துக்கொண்டு அரசாங்கத்துக்குச் செலுத்தவேண்டும் என்று ஏற்பட்டது. வரி என்பது வரும் பணத்திலிருந்து கழிவது. கையிலிருந்து கொடுத்து வாங்குவதன்று. தனி ஒருவர் பெயரிலுள்ள யு.பி.ஐ. எண்ணுக்கு வரி கட்டச் சொன்னால் அது எந்த அரசாங்கத்துக்கும் போகாது. அதுபோலவே, யு.பி.ஐ.யில் ரகசிய எண்ணை அழுத்துவது பணம் வாங்குவதற்கு அன்று. பணம் வரவேண்டியவர் அதை அழுத்த வேண்டியதே இல்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று அங்கத்தினர்கள் கேட்பது நியாயம். கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் தெருவிலும் விடுதியிலும் நடக்கும் சூதை நினைத்து எழுதப்பட்டது. 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று கூறியது. பிற்காலத்தில் ரம்மியை இணையத்துக்குக் கொண்டுவந்த கம்பெனிகளுக்கு அதுவே கவசமாயிற்று. நம் அரசாங்கமே 1968 முதல் பரிசுச் சீட்டு நடத்தி, 2003இல்தான் லாட்டரியை அடியோடு தடை செய்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2020 நவம்பரில் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக அவசரச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து இயற்றிய சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வரவே, 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரையை ஒட்டி எழுந்த மசோதா, ஆளுநர் திருப்பியனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் அதன் தடை பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது. அவ்விரண்டுக்கும் 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் ஆடக்கூடாது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்பவை அவற்றுள் முக்கியமானவை.

அதன் பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் அதை நடத்தக்கூடாது என்பது அதன் சாரம். நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்வோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஐம்பது லட்சம் வரை அபராதமும் விதிக்க இடம் தந்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்ததும் பெரிய கம்பெனிகள் பண ஆட்டங்களை மூடிவிட்டன. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன.

பெரிய கடைகள் மூடியபின் தெருவில் எஞ்சியிருப்பவர் யார் என்பதை நாம் யோசிக்க வேண்டும். பெயரும் முகவரியும் இல்லாதவர்கள். செயலியைக் கடையிலிருந்து இறக்காமல், ஏ.பி.கே. கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் ஆட்டம் மட்டும் கைபேசிக்குள் வருவதில்லை. குறுஞ்செய்திகளைப் படிக்கும் திருட்டுக் கண்ணும் சேர்ந்து வரக்கூடும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நமக்கு வருமுன் அவனுக்குத் தெரிந்துவிடும். சினிமா நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் பல ஆண்டுகள் இத்தகைய ஆட்டங்களுக்கு விளம்பரம் செய்து, ‘இது சாதாரண விஷயம்தான்’ என்ற எண்ணத்தை வீட்டுக் கூடம் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்கள் வாங்கிய பணம் அவர்களிடம் இருக்கிறது. அந்த எண்ணமோ நம்மிடம் தங்கிவிட்டது. இதை எழுதும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது ஆட்டம் ஆடாதவர்களுக்கும் உரியது. ‘உங்கள் வங்கிக் கணக்கை எங்களுக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள்; அதில் வரும் பணத்தை நாங்கள் எடுத்துக்கொள்வோம்; மாதம் இவ்வளவு உங்களுக்கு’ என்று யாராவது கேட்டால், அது வாடகை அன்று, வலை. சத்தீஸ்கரிலுள்ள பிலாய் நகரத்தைச் சேர்ந்தவர்கள் துபாயிலிருந்து நடத்தியதாக அமலாக்கத் துறை கூறும் மகாதேவ் பந்தயச் செயலி வழக்கில், ஊர் ஊராகக் கிளைகள் கொடுத்து, லாபத்தை எழுபதுக்கு முப்பது என்று பங்கிட்டுக்கொண்டதாகத் தெரியவந்தது. 2023 நவம்பரில் மத்திய அரசு அதையும் சேர்த்து 22 செயலிகளையும் தளங்களையும் முடக்கியது. இத்தகைய வியாபாரத்தில் பணம் போய்ச் சேர்வதற்கு ஏழை எளியவர்களின் வங்கிக் கணக்குகள் தேவைப்படுகின்றன. புகார் எழும்போது முதலில் முடங்குவது அந்தக் கணக்குதான். காவலர் முதலில் தேடி வருவதும் அதன் சொந்தக்காரரையே. பயிர்க் காப்பீட்டுத் தொகையும், பி.எம். கிசான் தவணையும், நூறு நாள் வேலைக் கூலியும் வரவேண்டிய அதே கணக்கு முடங்கிக் கிடந்தால், மாதம் இரண்டாயிரம் வாடகை வாங்கியவர் என்ன செய்வார்? ஏ.டி.எம். அட்டை, சிம், காசோலைப் புத்தகம் இம்மூன்றையும் உறவினர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம் தனி. அவர்கள் பணத்துக்காக ஆடுவதில்லை. துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் ஒரு சட்டைக்கும் ஒரு வைரத்துக்கும் ஆசைப்படுகிறார்கள். இலவச வைரம் தருகிறோம், இந்த இணைப்பைத் தொடு, அப்பாவின் கைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லு என்று கேட்கும் அந்நியன் அவர்களுக்கு விளையாட்டுத் தோழனாகவே தெரிகிறான். அடிப்பதால் பயனில்லை, அடி விழும் என்ற பயத்தால்தான் பிள்ளை நான்கு நாள் மறைத்து வைக்கிறது. வங்கிக் கணக்கு இணைந்துள்ள கைபேசியைப் பிள்ளை கையில் கொடுக்காதிருப்பதும், கொடுக்கவேண்டி வந்தால் யு.பி.ஐ.யின் அன்றாட வரம்பைக் குறைத்து வைப்பதும் நல்லது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் செய்ய வேண்டியதைக் கூறுகிறேன். 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசவேண்டும். பழைய சூதாட்டச் சட்டத்தின் ஆண்டும் அதுவே என்பதால் மறக்காது. இணையவழிப் பண மோசடிக்கென்று நாடு முழுவதற்கும் உள்ள எண் இது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து மற்றொன்றுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். அது ரொக்கமாக வெளியேறுமுன் புகார் சென்று சேர்ந்தால், நிற்கும் இடத்திலேயே அதை நிறுத்தி வைக்க வங்கிகளுக்குத் தகவல் போகிறது. பிறகு உரிய நடைமுறைப்படி அது உரியவருக்குத் திரும்பக்கூடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தவரின் பணம் காலையில் இருப்பதில்லை. புகாரைத் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். தூத்துக்குடி மாவட்டத்துக்கென்று சைபர் குற்றக் காவல் நிலையமும் உண்டு.

நாம் அறியாமலே கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் வங்கிக்கும் அன்றே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வணிக வங்கிகளுக்கும், அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பற்றி நெறி வகுத்தது. வாடிக்கையாளரின் குற்றமோ வங்கியின் குற்றமோ இல்லாமல் மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பொறுப்பில்லை என்பது அதன் முக்கிய அம்சம். ஓ.டி.பி.யைத் தாமே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை நேர்ந்த நஷ்டம் அவருடையது. தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும். ஆனால் ஆட்டத்தில் கட்டுவதற்காக நாமே விரும்பி அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதற்கு 1930தான் வழி.

புகார் கொடுத்தால் நம்மையே பிடிப்பார்களோ என்று அஞ்சுவோர் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டத்தில் இணையச் சூது ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இடம் இருக்கிறது என்பது மெய். மத்தியச் சட்டமோ ஆடியவரைக் குற்றவாளியாகக் கொள்ளாமல் நடத்துபவரையே குறிவைக்கிறது. ஐம்பதாயிரத்தைப் பறிகொடுத்தவர் இந்த அச்சத்தால் வாய் மூடியிருப்பது திருடனுக்கு மட்டுமே உதவி.

வெட்கம் அதைவிடக் கொடியது. வீட்டாருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்து, அதை மீட்கக் கைபேசியிலேயே கடன் வாங்கி, அந்தக் கடன்காரன் உறவினருக்கெல்லாம் படம் அனுப்புவேன் என்று மிரட்டும் நிலைக்கு வந்தவர் தனியே இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முதலில் பேச வேண்டியது வீட்டில் ஒருவரிடம். முடியாவிட்டால் நம் சங்கத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம். நகைக்கடனைச் சங்கத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா, தவணை கேட்கலாமா என்று விதிகளுக்கு உட்பட்டுப் பார்க்க வழி இருக்கும். மனம் தளர்ந்து தவறான எண்ணம் வந்தால், பகலென்றும் இரவென்றும் பாராமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ, 104 என்ற எண்ணிலோ தமிழிலேயே பேசலாம்.

புகாருக்குச் செல்பவர் கைபேசியிலுள்ள செயலியையும் செய்திகளையும் கோபத்தில் அழித்துவிடக் கூடாது. பணம் அனுப்பிய ஒவ்வொரு முறைக்கும் உரிய பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, அனுப்பிய யு.பி.ஐ. முகவரி ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். உரையாடல்களையும் திரையில் தெரிந்த தொகையையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தெரியாத அங்கத்தினர்களுக்குச் சங்க அலுவலகத்தில் இருப்போர் இந்தத் தாளை எழுதிக் கொடுக்க அரைமணி நேரம் செலவிடலாம். ஆனால் 1930க்குப் பேசுவது அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.